செல்லப்பாண்டி கட்டிய ஊர்

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர்களுக்கு விடியும்போதே வேலை தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். விஸ்வநத்தத்தில் அந்த வேலை பார்த்த செல்லப்பாண்டி, மதியங்களில் ஒயின்ஷாப் பக்கம் ஒதுங்கவில்லை. குளித்துவிட்டு, திருத்தங்கலில் காமராஜ் வைத்திருந்த கம்ப்யூட்டர் கேம் கடைக்குப் போனார். மாதப் பாஸ் எடுத்தால் இஷ்டம்போல் விளையாடலாம். பாஸ் இருக்கிறவரை அவரவர் ஆட்டம் மெஷினிலேயே பத்திரமாக இருக்கும் என்று காமராஜ் வாக்குக் கொடுத்திருந்தான்.

பொடியன்கள் அங்கே சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்க, மீசை வைத்த இந்த மனிதர் மூலை மெஷினில் உட்கார்ந்து ஊர் கட்டினார். கேலிக்குப் பஞ்சமில்லை. மனைவி வேல்விழியே, "அங்கன நமக்குப் பட்டா தருவாகளா?" என்று கேட்டாள். ஒருநாள் பிடிவாதமாக அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். ரோடு, ஆஸ்பத்திரி, குளத்தங்கரையில் ஒரு வீடு.

"இது நம்ம வீடு. சுத்துவட்டாரத்துல ஒரு கம்பெனிகூட வைக்கல, பாத்தியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அது 2006. ஆடியிலேயே தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தது. ஒரு காலையில் மருந்து அறை வெடித்தது. அவரைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று வேல்விழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்ததும் அவள் பஸ் ஏறிப் போய், காமராஜ் கடையில் அவர் பெயருக்கு மாதப் பாஸ் எடுத்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பேதலிக்கவில்லை. அந்த மனிதர் கைபட்டதெல்லாம் வெடித்துப் புகையாகிற சாமான். புகையாகாமல் நின்றது அந்த ஊர் ஒன்றுதான். ஆனால் உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மாதாமாதம் வாசலிலேயே பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பினாள்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. காமராஜ் அச்சாபீஸ்காரர் வீட்டுப் பிள்ளை. பூஜைக்கு மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் துடைத்தே வளர்ந்தவன்.

"அவுக ஊரக் காட்டுங்க தம்பி."

அவன் முகம் செத்துப்போனது.

"பூசைக்குன்னு உள்ளயும் சுத்தம் பண்ணிட்டேன்க்கா. பழசயெல்லாம் அழிச்சுப் புதுசா ஏத்திட்டேன். அண்ணன் ஊர் இருந்தது நெனப்பே வரலக்கா."

"அப்ப நான் மாசாமாசம் கட்டுனது?"

"அது... விளையாடுறதுக்குத்தான்க்கா." பாவி, சமாதானம் வேறு சொன்னான். "இனிமே நீங்க கட்டவே வேண்டாம். வருசம் பூராவும் சும்மாவே விளையாடுங்க."

வேல்விழி மூலை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பொட்டும் மாலையுமாக, வீட்டுச் சுவரில் இருக்கும் அவர் போட்டோ மாதிரியே இருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கும் பாக்க விடல. இன்னைக்கும் பாக்க விடலயே தம்பி."