பெருந்துறைக்காரர்

விலங்குக் காட்சிசாலையை விரிவாக்கப் போகிறார்கள். கட்டடம் எழும்புமுன் அடியில் பழைய குடியிருப்பு ஏதும் இருக்கிறதா என்று எங்கள் தொல்லியல் துறையிலிருந்து சோதனைக் குழிகள் போட்டுப் பார்த்தோம். நான்காவது குழி என் பொறுப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். தொப்பியும் குறிப்பேடுமாகக் குழியின் விளிம்பில் நிற்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

அன்று மண் வெட்ட வந்த பெண்களோடு என் அம்மாவும் வந்து இறங்கினாள். சித்தாள் வேலை பார்ப்பவள். காய்ச்சலில் படுத்த ஒருத்திக்குப் பதிலாக, என்னிடம் சொல்லாமல் வந்திருந்தாள். பக்கத்தில் அகழாய்வை நடத்தும் பேராசிரியர் நின்றார். வீட்டில் அவளை வா, போ என்றுதான் பேசுவேன். அப்போது வாயில் வேறு வந்தது.

“ஏனுங்க, அந்த ஓரத்துல மம்பட்டி போடாதீங்க.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “சரிங்க அம்மணி” என்றாள்.

மற்றவர்களுக்கு அது மேற்பார்வைக்காரிக்குக் காட்டும் மரியாதையாகக் கேட்டிருக்கும். பிறந்ததிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவதே அம்மணி என்றுதான்.

மதியம் ஓடு, கரி எதுவும் இல்லாத மஞ்சள் மண் வந்தது. மனிதக் கை படாத கன்னிமண், குழியை மூடலாம் என்று எழுதத் தொடங்கினேன். அம்மா இரண்டு முறை கொத்திக் காட்டினாள்.

“இது கொட்டுன மண்ணுங்க. கெட்டி மண்ணு இப்படிப் பொதபொதன்னு சத்தம் போடாது.”

படித்தவர்களுக்கே பாடம் எடுக்கிறாயா என்று கூட இருந்த பெண் சிரித்தாள். பேராசிரியர் இன்னும் தோண்டச் சொன்னார். இரண்டு சாண் கீழே சாம்பலும் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் வந்தன.

இந்தம்மா பெயரை அறிக்கையில் போட வேண்டும் என்றார் அவர். தெரிந்தவர்களா என்று என்னைக் கேட்டார்.

“இல்லைங்க சார். இன்னைக்குத்தான் வந்திருக்காங்க.”

குழிக்குள் அம்மாவுக்கு அது கேட்டது. எந்த ஊர் என்று பேராசிரியர் அவளிடம் கேட்டபோது, பெருந்துறைப் பக்கம் என்றாள். நாங்கள் கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள். என் ஊர் அதுதான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் உக்கடம் பேருந்தில் அவளைத் தேடி ஏறினேன். நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருங்க.”

“என்னம்மா இது.”

“நீ என்ன வேல பாக்கறேன்னு ஒருக்கா பாத்துப்போடலாம்னுதான் வந்தேன்” என்றாள். பிறகு இறங்கும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் குழியைப் பற்றிய பகுதியை நான்தான் எழுதினேன். அம்மாவின் பெயர் அதில் இருக்கிறது. பக்கத்தில் ஊர், பெருந்துறை. திருத்த ஒரு வாரம் அவகாசம் இருந்தது. திருத்தினால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்படியே அனுப்பினேன்.