மரியதாஸ் வீட்டுச் சுவரில் இருந்த கோடு

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். ரொனால்டுக்கு அந்தப் பழமொழி ஆகாது. சாணுக்கும் முழத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அவன் வீட்டு அடுப்பே எரிந்தது. பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு மழை பெய்தால் எந்தப் பாலத்தடியில் தண்ணீர் எவ்வளவு உயரும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது அவன் உத்தியோகம். தண்ணீர் நுழைந்து போகும் பாலத்துக் கண்களின் அகல உயரத்தை உள்ளே கொடுப்பான், கால்வாயின் வளைவு நெளிவைக் கொடுப்பான், பிறகு மழையைத் திறந்துவிடுவான். திரையில் நீலம் மெல்ல ஏறும். நனையாமல் வெள்ளம் பார்க்கிற வேலை என்று அவன் மனைவி கரோல் கேலி செய்வாள்.

கேலி செய்தாலும் ஆள் கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் தனக்கு இருக்கிறது என்று தெரிந்த கெட்டிக்காரன். அதுதான் வினை.

சாந்தோமுக்கும் மந்தைவெளிக்கும் நடுவே, கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில் அவர்கள் வீடு. அப்பா மரியதாஸ் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சென்னையே மூழ்கிய அந்த டிசம்பர் வெள்ளத்தில் கூடத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே, கறை நின்ற இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதிவைத்தார் மரியதாஸ். அதற்குப் பிறகு எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தக் கோட்டின் மேல் பிரஷ் படக்கூடாது. வந்தவர் போனவருக்கெல்லாம் பக்கத்தில் நின்று காட்டுவார்.

அந்தக் கால்வாயையும், சந்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் மூன்று கண் பாலத்தையும் ஆராய்கிற வேலை ரொனால்டின் கம்பெனிக்கே வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கணினி சொல்லும் மட்டம் நிஜமாக வந்த மட்டத்தோடு ஒத்துப்போனால்தான் கணக்கை நம்பலாம். நிஜ மட்டத்துக்கு எங்கே போவது? தன் வீட்டுச் சுவருக்கே போனான். சர்வே ஆட்கள் வந்து, கடல் மட்டத்திலிருந்து கோடு எத்தனை உயரம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். மரியதாஸ் அவர்களுக்குக் காபி கொடுத்துக் கோட்டின் வரலாற்றையும் சொன்னார்.

கணக்கு இடித்தது. அன்று பெய்த மழையை முழுதாக ஊற்றியும் கணினித் தண்ணீர் கோட்டை எட்டவில்லை. பாலத்துக் கண்களைப் பாதி அடைத்துப் பார்த்தான். விறுவிறுவென்று ஏறிக் கோட்டில் கச்சிதமாக வந்து நின்றது. ஆக, அன்று கண் அடைத்திருக்கிறது. எதனால்? பாலத்தை ஒட்டி வரிசையாக மீன் கடைகள் இருந்தன. கழிவும் தெர்மாகோல் பெட்டியும் வேறெங்கே போகும்? கடைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று அறிக்கையில் எழுதினான். எழுதும்போது கை கூசவில்லை. கணக்குதானே சொல்கிறது.

சமுதாயக் கூடத்தில் கால்வாயோர அபார்ட்மென்ட்காரர்கள், மீன் கடைக்காரர்கள் என்று பகுதி மக்களைக் கூட்டி, மைக்கில் அவனே விளக்கினான். மீன் கடைக்காரர்கள் பக்கமிருந்து அமலோற்பவம் எழுந்தாள். பட்டினப்பாக்கத்துக்காரி. ரொனால்ட் வீட்டுக்கு வருஷக்கணக்காக மீன் கொடுப்பவள். வெள்ளத்தன்று மரியதாஸைச் சந்திலிருந்து வெளியே கொண்டுவந்தது அவள் தம்பியின் படகு. அன்றிலிருந்து வாத்தியார் அவளிடம் பேரம் பேசுவதில்லை.

"தம்பி, அன்னிக்கு நாங்கதான் இடுப்புல கயிறு கட்டிக்கினு கண்ணுல மாட்டுன குப்பையெல்லாம் இழுத்துப் போட்டோம். கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. நீ இன்னா அடைச்சிக்கிச்சின்ற?"

ரொனால்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். "அக்கா, மனுஷனுக்கு மறதி வரும். செவுத்துல இருக்குற கோட்டுக்கு வராது" என்றான் மைக்கில். கூடம் கைதட்டியது. அமலோற்பவம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அப்பாவும் பிள்ளையுமாக அவள் கடைக்கே போனார்கள். அவள் முகம் கொடுக்கவில்லை. சங்கரா மீனை ஆய்ந்து, செதிளையும் குடலையும் ஒரு துளி சிந்தாமல் பக்கெட்டில் வழித்துப் போட்டாள். வாத்தியாரிடம் மட்டும், "முட்டி வலி எப்டி கீது சார்?" என்று கேட்டாள்.

முட்டி வலி மோசமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாசல் படியில் இரண்டு ஏறுவதற்குள் மரியதாஸுக்கு மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைத் திட்டத் தொடங்கினார்.

"ஜாக்கி வச்சு வீட்டத் தூக்கலாம்னு நீதானேடா சொன்ன. செவுரு, சாமி படம், சமையல்கட்டுன்னு எல்லாத்தையும் சேத்து மூணடி தூக்குனீங்க. என் முட்டிய யாரு தூக்குறது?"

மீன் பையோடு பின்னால் வந்த ரொனால்ட் படியிலேயே நின்றுவிட்டான். செவுரு, சாமி படம். சாமி படத்துக்குக் கீழே கோடு.

வெள்ளம் வந்து மூன்று வருஷம் கழித்து, ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட்டதென்று, அஸ்திவாரத்துக்கு மேலே வெட்டி, வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டை அப்படியே தூக்கினார்கள். வடநாட்டு ஆட்கள் திருகத் திருக வீடு ஏறியதைப் பார்க்கத் தெருவே கூடியது. செல்போனில் படமெடுத்தவனே ரொனால்ட்தான். உள்ளே போய்ப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. தரையும் ஏறியிருந்ததால் கோடு அதே இடுப்பளவில்தான் இருந்தது. அதனால்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவன் ஒருவன் உண்டு, அவனுக்கும் தோன்றவில்லை.

"ஏன்டா நிக்கிற? மீன் கெட்டுப்போயிடும்" என்றார் மரியதாஸ்.

திங்கட்கிழமை ஆபீசில் முதல் வேலையாகக் கோட்டை மூன்றடி இறக்கினான். அடைத்த கண்களைத் திறந்துவிட்டான். நீலம் ஏறியது, புதுக் கோட்டில் வந்து நின்றது. குப்பையும் தேவைப்படவில்லை, தெர்மாகோல் பெட்டியும் தேவைப்படவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கயிறு கட்டி இறங்கிக் கண்ணைத் திறந்துவைத்தவர்களையே, அடைத்தவர்கள் என்று எழுதியிருக்கிறான். அவனுக்குக் காது மடல் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் வெட்கம் வந்தவன் எல்லாம் உடனே யோக்கியன் ஆகிவிடுவதில்லை. முதலில் அதை எங்கே ஒளிப்பது என்றுதான் பார்ப்பான். மேலதிகாரி ஷண்முகப்ரியாவிடம், "மேடம், சர்வேல ஒரு சின்னத் தப்பு" என்று முணுமுணுத்தான். அறிக்கை திருத்தப்பட்டது. கடைகளை அகற்றும் பேச்சு போயிற்று. காரணம் என்ற இடத்தில், 'கள அளவு சரிசெய்யப்பட்டது' என்று எழுதினான். யாருடைய அளவு, எவன் கோட்டைவிட்டான், எவர் தலையில் கை வைத்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

சாயங்காலம் அமலோற்பவம் கடையை ஏறக்கட்டும் நேரம் பார்த்துப் போனான். பக்கத்தில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குனிந்து எல்லாவற்றையும் சொன்னான். வீட்டைத் தூக்கியது, கோடும் கூட ஏறியது, கடைக்கு இனி ஆபத்தில்லை என்பது வரை. நன்றி சொல்வாள் என்றுகூட உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

அவள் கத்தியைக் கழுவித் துடைத்துவைத்தாள்.

"கடை கீது, சரி. பேரு? அந்த அபார்ட்மென்ட் அம்மா எத்தினி வருசமா நம்மாண்ட வாங்கினு இருந்திச்சி. உங்களாலதான் எங்க வூட்டுக்குள்ள சாக்கடை வந்துச்சின்னு நேத்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போவுது. அதுங்காதுல யாரு போட்டது? நீதான? மைக்குல ஊருக்கே சொல்லிட்டு, இப்போ என் காதுல வந்து குசுகுசுன்னா இன்னா நைனா அர்த்தம்?"

அறிக்கை திருத்தியாயிற்று என்று இன்னொரு முறை சொல்லப் பார்த்தான், பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

மழைக்காலத்துக்கு முன்னால் மறுபடி கூட்டம் போட்டார்கள். அதே கூடம், அதே மைக். முன்வரிசையில் மரியதாஸ், எதற்கு வரச்சொன்னான் என்று தெரியாமல், வெள்ளைச் சட்டையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அபார்ட்மென்ட்காரர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். அமலோற்பவமும் மற்றவர்களும் கடைசியில், சுவரோரமாக நின்றார்கள்.

ரொனால்ட் மேடை ஏறினான். புது வரைபடத்தைக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று கால் இழுத்தது. மைக்கைப் பிடித்தான்.

"போன தடவ நான் காட்டுன கோடு எங்க வீட்டுக் கோடு. நடுவுல வீட்ட ஜாக்கி வச்சு மூணடி தூக்கிட்டோம். கோடும் கூடவே ஏறிடுச்சு. எனக்குத் தெரியும், ஆனா யோசிக்கல. பாலத்துக் கண்ணு அடையல. மீன் கடைக்காரங்க மேல நான் சொன்னது பொய்யாப் போச்சு."

அவன் முடிப்பதற்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. "வீட்டோட வெள்ளத்தையும் தூக்கிட்டாரு சார்" என்றது ஒரு குரல். கூடம் அதிர்ந்தது. மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொனால்ட் மைக்கைக் கீழே வைக்கப் போனான்.

சுவரோரத்திலிருந்து அமலோற்பவத்தின் குரல் வந்தது. அதில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இவங்க சிரிச்சதுல கடைசி வார்த்த இங்க பின்னால கேக்கல தம்பி. இன்னொரு தபா சொல்லு."

அவன் மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனான்.