கம்பிவேலிக்குள் பொங்கிய தை

கல்யாணமாகி, மலாயாவில் கோலா சாவா பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்தபோது, தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்து சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடும் என்று எந்த வீட்டிலும் சமைக்காத அரிசி வைத்துக்கொள்ள அனுமதியில்லை. பொதுச் சமையல்கூடத்தில் சோறாக்கி எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள்.

மார்கழி முடிய முடிய எனக்கு அழுகையாக வந்தது. தலைப்பொங்கல். அம்மா கொடுத்தனுப்பிய வெண்கலப் பானை இருக்கிறது, போட அரிசிதான் இல்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ச் சொன்னார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், அவர் வீட்டிலும் தை பிறந்தால் பொங்கவேண்டும். எங்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு, வேலி வாசலில் காவலிருந்த மலாய் போலீஸ் சார்ஜனிடம் போனார்.

சார்ஜன் நல்ல மனிதர். நாளைச் சொல்லப் பிறை பார்க்க வேண்டாமா என்று கேட்டார். தீபாவளிக்குத்தான் நிலாக்கணக்கு, இது சூரியக்கணக்கு. சூரியன் மகர ராசிக்குள் போவதுதான் தை முதல் நாள், அதனால் வருசா வருசம் ஜனவரி நடுவில் வந்துவிடும் என்று கிராணி விளக்கினார். அப்படியானால் தள்ளிப்போட முடியாத நாள்தான் என்று சார்ஜன் சிரித்தார். மேலே கேட்டு அனுமதியும் வாங்கித் தந்தார். ஆனால் தோட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு அண்டா, அதுவும் ஊரடங்கு விலகிய பிறகு, சமையல்கூடத்து வாசலில்.

அன்று விடிந்ததும் பெண்களெல்லாம் ஓடினோம். ஒருத்தி கோலம் போட்டாள், ஒருத்தி மஞ்சள்கொத்து கட்டினாள். ரப்பர் மரங்களுக்கு மேலே சூரியன் ஏறும்போது, வெந்த அரிசியும் வெல்லமுமாகப் பால் நுரைத்து விளிம்பைத் தாண்டியது. "பொங்கலோ பொங்கல்" என்று தோட்டமே கத்தியது.

அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்த ராணுவ லாரி நின்றது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். எல்லாரும் கைகளைத் தூக்கியபடி தரையில் உட்கார்ந்தோம். பிள்ளைகள்கூட அழவில்லை.

அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அரிசியும் வெல்லமும் அடியில் பிடிக்கும் வாசனை என் மூக்கில் ஏறியது. எழுந்தேன்.

"உட்காரு புள்ள, சுட்டுப்புடுவான்" என்றார் வீட்டுக்காரர்.

"அடி பிடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அகப்பையை எடுத்துக் கிண்டினேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

அதற்குள் சார்ஜன் ஓடிவந்து, இது இவர்களுடைய பெருநாள், அனுமதி இருக்கிறது என்று அதிகாரியிடம் சொன்னார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. அதிகாரி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். கிராணி ஒரு வாழையிலையில் கொஞ்சம் வைத்து நீட்டினார். அதிகாரி விரல் சுட, நின்றபடியே தின்றுவிட்டு இங்கிலீசில் ஏதோ சொன்னார். நல்லா இருக்காம் என்றார் கிராணி. யாரோ சிரிக்க, பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அன்று கிராணி வீட்டம்மா, பால்மரம் வெட்டும் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு முன்பு அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

சில வருசம் கழித்துக் கட்டுப்பாடு நீங்கி, அரிசி வீடுகளுக்கே வந்தது. அவரவர் வாசலில் அவரவர் அடுப்பு. என் பானையும் நன்றாகத்தான் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று நானும் வீட்டுக்காரரும் மட்டும் குரல் கொடுத்தோம். பக்கத்து வீட்டில் இன்னும் பால் காயவில்லை.