லெம் ஹாஸ்கின்ஸ் தாழ்ந்த குரலில் வாசிக்கத் தொடங்கியது

லெமுவல் ஹாஸ்கின்ஸ் சாக்ஸபோனை எடுத்துவிட்டால், வைலி அவென்யூவில் டிராமுக்குக் காத்திருப்பவர்கள் வண்டியைத் தவறவிட்டுவிடுவார்கள். பிட்ஸ்பர்க்கில் எங்கள் குன்றுப்பக்கத்துக் கறுப்பர்கள் எல்லோருக்கும் அவர் வெறும் லெம். இரும்பாலை வேலை தேடி அலபாமாவிலிருந்து வந்த தகப்பனோடு சிறுவயதிலேயே வந்து சேர்ந்தவர். ஆலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோல ஊதுவார். ஒரே சுரத்தை மூச்சு முட்டும்வரை பிடித்துக்கொண்டு நிற்பார். ஆட வந்தவர்கள் மேஜையைத் தட்டித் தீர்ப்பார்கள். அவருடைய குழுவில் பியானோ வாசித்தவள் நான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து வந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு காலை நேரம், உறைபனியில் வழுக்கி முகம் குப்புற விழுந்தார். இரண்டு கைகளும் வாத்தியப் பெட்டியை அணைத்திருந்ததால் தரையில் ஊன்றக் கை இல்லை. வாத்தியத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன.

புண் ஆறியதும் பல் டாக்டர் பெட்டிஃபோர்ட் செட் கட்டிக் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாக்ஸபோனின் வாய்முனையை மேற்பல்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். பழைய பலத்தோடு லெம் ஊதியபோது செட் நகர்ந்தது. வாத்தியம் வால் மிதிபட்ட பூனைபோலக் கிறீச்சிட்டது.

ஒருநாள் தேவாலயம் விட்டதும் அவர் மனைவி கொரீன் என்னை ஓரமாக இழுத்தாள்.

"வெர்னெல், ஆலையில ஆள் எடுக்குறாங்களான்னு கேட்டுக்கிட்டு அலையுறான். போனாப் போகட்டும், அதுவும் சோறுதான். ஆனா வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்குறான். சுவரோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்குடி."

மறுநாளே லெம்மைத் தேவாலயத்தின் கீழறைக்கு வரவழைத்தேன். அங்கே ஒரு பழைய பியானோ உண்டு. வந்தவர் பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்தார்.

"பல்லு போன சிங்கத்த வேடிக்க பாக்கவா கூப்பிட்ட, தங்கச்சி?"

"சிங்கம்னு யாரு சொன்னது? நம்ம க்ளீவ் உங்கள கத்துற கழுதன்னுதான் சொல்லுவான்."

க்ளீவ் எங்கள் டிரம்காரன். விழுந்ததற்குப் பிறகு லெம் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெட்டியைத் திறந்தார். பல் படாமல் இருக்க, கீழுதட்டோடு மேலுதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு, வலிக்குப் பயந்து கொஞ்சமாகக் காற்றை விட்டார்.

தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் பேசுவதுபோல இருந்தது அந்த ஒலி. கரகரப்பு, கதகதப்பு, பாதி மூச்சுக்காற்று. நாலு சுரம் வாசிப்பார், உதடு வலிக்கும், நிறுத்துவார். அந்த இடைவெளியை நான் பியானோவால் நிரப்பப் போனேன்.

"விடு தங்கச்சி. காலியாவே கிடக்கட்டும்."

வசந்தம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் வழக்கமாக வாசிக்கும் கிளப்பில் திரும்ப மேடையேறினோம். எங்களுக்கு முன்னால் சிகாகோவிலிருந்து வந்திருந்த ரான்சம் டேட் என்பவன் சாக்ஸபோனை மழைபோல ஊதித் தள்ளினான். க்ளீவ் டிரம் குச்சிகளைத் திரும்பப் பைக்குள் செருகினான்.

"இன்னிக்கு வேணாம்ணே. இவன் நம்மள முழுங்கிருவான்."

"முழுங்கட்டும். மெல்றதுதான் எனக்குக் கஷ்டம், அவனுக்கு என்ன?"

மெதுவான ப்ளூஸ் பாட்டு ஒன்றை எடுத்தார். பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "லெம், சத்தமா ஊது. இங்க ஒண்ணும் கேக்கல."

முன்னால் இருந்த பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள். "நீ வாயை மூடு, கேக்கும்."

லெம் சத்தத்தைக் கூட்டவில்லை. பேச்சு ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. சமையலறையில் மீன் பொரிக்கிறவர்கூடக் கதவருகே வந்து நின்றார். ஏதாவது தப்பாகப் போனால் கணவனை உடனே வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்று, கொரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலோரம் நின்றிருந்தாள். இரண்டாவது பாட்டின் நடுவில் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

இறங்கியதும் டேட் நேராக லெம்மிடம் வந்தான். "ஐயா, இந்தச் சத்தம் எப்படி வருது?"

"மொதல்ல வழுக்கி விழணும்," என்றார் லெம்.

வீடு போகும் வழியெல்லாம் அந்தப் பின்வரிசைக்காரன் யார் என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். பின்னால் வந்த எனக்கு அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க இனித்தது.

அதன்பின் கிளீவ்லாந்திலும் டெட்ராய்ட்டிலும் சாக்ஸபோன்காரர்கள் லெம்மைப்போல முணுமுணுப்பாக ஊதத் தொடங்கினார்கள். பாட்டின் நடுவே சும்மா நிற்கவும் கற்றுக்கொண்டார்கள். முப்பத்திரண்டு பல்லும் உள்ளவர்கள் உதட்டை மடித்து ஊதி வீங்கவைத்துக்கொண்டார்கள். ஒருவன் வீடு தேடியே வந்து, செட்டைக் கொஞ்சம் கழற்றிக் காட்ட முடியுமா, அளவு பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டான். லெம் கழற்றியே விட்டிருப்பார். கொரீன்தான் துடைப்பத்தை எடுத்தாள்.