முதல் தண்ணீர்

என் தங்கையைப் பூட்டி வைத்தவர் இன்னும் எல்கடுவயில்தான் இருக்கிறார். அவள் கணவரின் அண்ணன். அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவர் பேச்சுக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எதிர்ப்பேச்சு இருந்ததில்லை.

தங்கைக்குப் பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. வெறும் மடியைத் தட்டிக்கொண்டே இருப்பாள். திடீரென்று எழுந்து தேயிலை மலைக்குள் இறங்கிப் போய்விடுவாள். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், எப்போதாவதுதான் வருவார். பேய் பிடித்திருக்கிறது என்று அண்ணன்காரர் முடிவு செய்தார். பூசாரியைக் கூட்டிவந்து அடிக்க வைத்தார். தலைமுடியை ஒட்ட வெட்டி, விறகு அறைக்குள் போட்டுப் பூட்டினார்.

மாத்தளையில் மருந்துக்கடையில் வேலையாக இருந்த எனக்கு, லயத்தில் தங்கை வீட்டுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த பெண்தான் போன் செய்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவளும் கொழுந்தெடுக்கும் பெண்கள் சிலரும் பூட்டை உடைத்திருந்தார்கள். தங்கை என்னைப் பார்த்தாள், ஆனால் யாரென்று தெரிந்ததாகத் தோன்றவில்லை. சுவரோரம் இருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு நான் வாசலில் இறங்கினேன். பக்கத்துக் காம்பராப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தாள அப்புறம் பாத்துக்கலாம் அக்கா. இப்ப இவ பக்கத்துல ஒக்காருங்க.”

உட்கார்ந்தேன். அன்று பிடித்த ஆத்திரம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

தங்கையை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாத்தளை கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், தூங்கினாள். ஆனால் நான் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தாள். ஒருநாள், லயத்துக்கே போகிறேன் என்றாள். அந்த மனிதன் இருக்கும் இடத்துக்கா என்று கத்தினேன். “அங்க என்கூட பேசுறதுக்கு ஆள் இருக்காங்க” என்றாள்.

லயத்துக்குத் திரும்பி, போன் செய்த அந்தப் பெண்ணின் காம்பராவிலேயே தங்கினாள். பெண்கள் அவளைத் தங்களுக்கு நடுவில் நிறுத்திக் கொழுந்தெடுக்க வைத்தார்கள். அவள் அழுதால் அழவிட்டார்கள். குழந்தையைப் பற்றிப் பேசினால், அது யார் சாயல் என்று கேட்டார்கள். நான் ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை. கிளினிக் நாளில் யாராவது ஒருத்தி தன் அரைநாள் கூலிப் பேரை விட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறினாள். கணவரும் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

பொலிசுக்குப் போகத் தங்கை சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பச் சொல்லத் தன்னால் முடியாது என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வயிற்றுவலி வர வேண்டும், வேலை போக வேண்டும், அவரையும் யாராவது பூட்ட வேண்டும் என்று கோயிலில் நின்று வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டேன். எதுவும் நடக்கவில்லை.

அடுத்த வருடம் அவருடைய மகள் பெரியவளானாள். தண்ணீர் ஊற்றும் சடங்குக்குத் தங்கை வரக்கூடாது, பிள்ளையைப் பறிகொடுத்தவள், பைத்தியம் பிடித்தவள் என்று அவர் சொல்லியனுப்பினார். சடங்கன்று லயத்துப் பெண்கள் எல்லோரும் தங்கையை நடுவில் விட்டுக்கொண்டு போனார்கள். நானும் போனேன். பலகையில் உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கினாள்.

“சித்தி மொத தண்ணி ஊத்தட்டும். இல்லாட்டி நான் எந்திரிச்சு போயிருவேன்.”

அவர் வாயைத் திறந்தார். சுற்றி நின்ற பெண்கள் அத்தனைபேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார். தங்கை குடத்தைத் தூக்கிச் சிந்தாமல், நிதானமாக ஊற்றினாள். அவள் முகத்தில் பழிவாங்கும் எண்ணம் துளியும் இல்லை. பிள்ளையின் கண்ணில் தண்ணீர் போகாமல் நெற்றியில் கையை வைத்து மறைத்தாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. கடைசிவரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரார் முன்னால் அவர் முகம் செத்துப்போனது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

சாப்பாட்டுக்கு அவரே வந்து அழைத்தார். தங்கை போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாத்தளை பஸ்ஸைப் பிடித்தேன்.