நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பெண்

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். இது நடந்தது. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடற்கரைச் சாலையில், பட்டப்பகலில். ஜெகதீசனின் சிற்பக் கடை இன்றைக்கும் ஷட்டர் இறங்கித்தான் கிடக்கிறது. விஷாகாவின் இடது புருவத்தில் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

விஷாகா செங்கல்பட்டுப் பெண். சிற்பக் கல்லூரியில் படிப்பை முடித்த கையோடு ஜெகதீசனிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கடைக்குப் பழைய கலை வரலாற்றுப் புத்தகம் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. தலையணை கனம். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சாமரம் ஏந்திய பெண் ஒருத்தி நின்றிருந்தாள்.

"இவள அப்டியே கல்லுல எறக்கிடு. சென்னையில பெரிய கண்காட்சி வருது. அடியில உன் பேர வெட்டிக்கோ" என்றார் ஜெகதீசன்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான்கு மாதம் கருங்கல்லோடு மல்லுக்கட்டினாள். அவள் செய்த முதல் முழுச் சிலை. அவள் பெயர் வெட்டிய முதல் கல்.

வேலை முடிந்த அன்று மத்தியானம் ஜெகதீசன் சுத்தியும் உளியுமாக வந்து நின்றார்.

"கண்காட்சியெல்லாம் கெடக்கட்டும். புதுசுன்னா வாங்கறவன் தோட்டத்துல வெப்பான். ஒடைஞ்ச பழசுன்னா கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெப்பான். ரெண்டு தட்டு தட்டி ஈர மண்ணுல பொதைச்சா ஆறே மாசத்துல ஆயிரம் வருசத்துச் செல."

"சார்... என் பேரு வெட்டியிருக்கேன் சார்."

"அத்தயும் கொத்திட்டா போச்சு."

பாலிஷ் போடும் பெஞ்சமினுக்கே பொறுக்கவில்லை. "அண்ணாத்த, பொண்ணு ராப்பகலா ஒழைச்சிருக்குது. வாணாம் அண்ணாத்த."

"நீ போய் சோறு துன்னுட்டு வாடா. இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? புக்க எடு. தானா ஒடைஞ்ச செல எங்கெங்க ஒடையும்னு அதுல கீது. கண்டபடி ஒடைச்சா வெவரமானவன் கண்டுபுடிச்சிடுவான்."

விஷாகா புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அவள் பக்கம் புரட்டவில்லை. அதுவாகவே விரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு.

படத்தில் இருந்த பெண்ணுக்கு மூக்கு இல்லை.

"பாத்தியா? இவளுக்கே மூக்கு இல்ல."

"நாலு மாசமா தினம் இந்தப் பக்கத்தத்தான் பாத்தேன் சார். மூக்கு இருந்துச்சு."

"இருந்த மூக்கு எங்க போவும்? சளி புடிச்சு ஒழுகிடுச்சா?" ஜெகதீசன் சிரித்துக்கொண்டே உளியை வைத்தார்.

மணி பன்னிரண்டே முக்கால்.

டக்.

சிலையின் மூக்கு தெறித்து விழுந்தது. விஷாகா அதை எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஜெகதீசனின் மூக்கிலிருந்து ரத்தம். சொட்டுச் சொட்டாக இல்லை. குழாயைத் திறந்துவிட்டது போல.

"சூடு" என்று முழங்கையால் துடைத்தார். "அடுத்து இன்னா ஒடைஞ்சிருக்குது, காட்டு."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். இப்போது சாமரம் பிடித்த வலது கையும் இல்லை. மணிக்கட்டோடு போயிருந்தது.

"சார், படம் மாறுது. சத்தியமா மாறுது சார். விட்டுடுங்க!"

"உன் செலய காப்பாத்த இன்னா நாடகம் போடற நீ!"

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. வெளியே கடல் இரைச்சல்கூட இல்லை.

டக்... டக்...

கை விழுந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். ட்ர்ர்ர்ர்... கல் அறுக்கும் மெஷின். தரையில் கிடந்தது. பிளக் போடாமல், ஒயர் சுருட்டிக் கட்டியபடி.

அது சுற்றியது.

துள்ளியது.

ஜெகதீசனின் அலறலில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. வலது கை உளியைப் பிடித்தபடியே தரையில் கிடந்தது. விரல்கள் இன்னும் அசைந்தன...

"மூடு... புக்க மூடு!"

மூடினாள். அட்டை இறங்கவில்லை. முழங்காலால் அழுத்தினாள். நெஞ்சைப் போட்டு அழுத்தினாள். அடியிலிருந்து யாரோ எதிர்த்துத் தள்ளினார்கள்.

பக்கம் தெரிந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படத்தில், கழுத்தில் ஒரு கோடு விழுந்தது...

ஜெகதீசனின் இடது கை சுத்தியை எடுத்தது.

"நான் இல்லம்மா... கை... கை தானா போவுது..."

சிலையின் கழுத்துக்கு ஓங்கியது.

"சார்!"

டக்.

ஏதோ தெறித்து அவள் புருவத்தைக் கிழித்தது.

பிறகு சத்தமே இல்லை.

கரண்ட் வந்தது. சாப்பிட்டுத் திரும்பிய பெஞ்சமின் வாசலிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஜெகதீசன் சிலையின் காலடியில் கிடந்தார். தலை மட்டும் ஷட்டர் ஓரம்வரை உருண்டு போயிருந்தது. அதில் மூக்கு இல்லை.

மெஷின் விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. கரண்ட் இல்லாமல் எப்படி ஓடியது என்று பெஞ்சமின் கேட்டதற்கு, "நீ அப்ப இங்க இருந்தியா?" என்று திருப்பிக் கேட்டார்கள். தரையில் கல் துண்டு ஒன்றுகூட இல்லை. சாமரம் ஏந்திய பெண் மூக்கு, கை, கழுத்து எல்லாம் முழுசாக, சிரித்தபடி நின்றாள். விஷாகாவின் பெயரிலும் ஒரு கீறல் இல்லை. புத்தகம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

புருவத்தில் தையல் பிரித்த மறுவாரம், மனசு கேட்காமல், விஷாகா தான் படித்த கல்லூரியின் நூலகத்துக்குப் போனாள். அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி அங்கே இருந்தது. அவள் அம்மா பிறப்பதற்கு முன்பே அச்சானது.

நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தாள். மூக்கு இருந்தது. கை இருந்தது. கழுத்து இருந்தது. கீழே, 'சேதமில்லாத சிற்பம்' என்று அச்சிட்டிருந்தது. அத்தனை நாளைக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பிறகு குனிந்து பார்த்தாள்.

படத்தில், இடது புருவத்தில், சின்னதாக ஒரு சேதம். அவள் விரல் தானாகத் தன் தழும்புக்குப் போனது. அதே நீளம். அதே சாய்வு.

"டைம் ஆயிடுச்சும்மா. மூடிக் குடு" என்றார் நூலகர் அமிர்தவல்லி.

விஷாகா இரண்டு கைகளாலும் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூடவில்லை.

மூடினால், யாராவது மறுபடி திறப்பார்களே... அப்போது இன்னும் எது உடைந்திருக்குமோ...