கூடத்தில் நின்ற செவலை

தனகோட்டியம்மாள் போய்விட்டார் என்ற செய்தி பாலோடுதான் வந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மருமகள் செல்வி வழக்கம்போல் பாலை ஊற்றிவிட்டு, "அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க சார். இன்னா ஆனாலும் பாலை ஊத்திட்டு மத்ததப் பாருன்னு எப்பவும் சொல்லிகினே இருப்பாங்க. அதான் வந்தேன்" என்றாள். நம் நகரில் அன்று எந்த வீட்டிலும் காபி தவறவில்லை.

ஒரகடத்துக்கு அருகே நாம் குடியிருக்கும் இந்த மனைகள் எல்லாம் தனகோட்டியம்மாள் குடும்பத்தின் மாட்டுப்பண்ணையாக இருந்தவை. மறைமலை நகரில் தொழிற்சாலைகள் வந்து, ஷிப்டு ஆட்கள் மனை தேடி அலைந்த நேரம் அது. பங்காளிகள் நிலத்தை விற்றார்கள், மாடுகளும் போயின. தனகோட்டியம்மாள் மட்டும் பிடிவாதமாகச் செவலை என்ற பசுவையும் அதன் கன்றையும் நிறுத்திக்கொண்டார். தெருக்கோடியில் புது வீடு, பின்னால் புதுக் கொட்டகை. அங்கே கட்டிய நாள் முதல் செவலை பாலை அடக்கிக்கொண்டது. கன்றை ஊட்டவிட்டும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். மசியவில்லை. "வர்ற சந்தைக்கு ஓட்டிட வேண்டியதுதான்" என்று அவர் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் என் வீட்டுக் கிரகப்பிரவேசம். இந்தக் கதை எதுவும் தெரியாமல், பசுவும் கன்றும் வேண்டும் என்று போய் நின்றேன்.

"இட்டுகினு வரேன் சார். போறதுக்கு முன்னாடி அதுக்கும் ஒரு நல்ல காரியம் ஆவட்டும்" என்றார். முகம் மட்டும் சரியில்லை.

மஞ்சளும் குங்குமமுமாக வந்த செவலை, வாசற்படி தாண்டியதும் கயிற்றை உருவிக்கொண்டு நேரே கூடத்தின் தெற்கு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டது. பூஜை முடிந்தும் நகரவில்லை. என் மனைவியோ புது மொசைக் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்று போய் மடியை முட்டியது. காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டத் தொடங்கியது.

பால் காய்ச்ச வைத்திருந்த பித்தளைப் பானையை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு தனகோட்டியம்மாள் குந்திவிட்டார். "இங்கதான் சார் அதைக் கட்டிகினு இருந்தோம். பத்திரம் உங்க பேர்ல கீதுன்னு அதுக்கு இன்னா தெரியும்" என்றார். வாய் சிரித்தது, கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அந்தப் பால்தான் அன்று எங்கள் அடுப்பில் பொங்கியது. வாசலில் கைகட்டி நின்ற அவர் கணவர் போய் ஒரு கட்டு வைக்கோலோடு திரும்பி வந்தார். சந்தைப் பேச்சு அத்தோடு ஒழிந்தது.

அதன்பின் சில நாள் கறவை என் கூடத்திலேயே நடந்தது என்றால் நம்புவீர்களா? மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு தரையைக் கழுவினாள். பிறகு தனகோட்டியம்மாள் அதே மூலையில் சுவருக்கு வெளியே கட்டி, புதுக் கொட்டகைக்கு மெல்லப் பழக்கினார். அடுத்தடுத்து வந்த எல்லாக் கிரகப்பிரவேசங்களுக்கும் செவலையே முதல் விருந்தாளி.

நம் தெருவில் வாஸ்து பார்த்து வீடு கட்டிய கணக்காளரை மறந்திருக்க மாட்டீர்கள். பூஜையறையைப் பெருமையாகக் காட்டியவரிடம் தனகோட்டியம்மாள், "நல்ல எடம் சார். இங்கதான் எங்க எருக்குழி இருந்துச்சி. இன்னா வேண்டிகினாலும் வெளையும்" என்றார். கணக்காளர் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மகளுக்கு வரன் அமைந்ததும் முதல் பத்திரிகையைத் தனகோட்டியம்மாளுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். நிலம் போன வீட்டுக்காரி நம்மைப் பார்த்து முகம் சுளித்திருக்கலாம். அவர் நம்மைத் தன் பண்ணைக்கு வந்த புதுக் கன்றுகளைப் போலத்தான் நடத்தினார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் கூடத்தின் தெற்கு மூலை இன்றும் காலியாகவே இருக்கிறது. நாற்காலி, அலமாரி எது வாங்கினாலும் அங்கே மட்டும் வைப்பதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இடம்தான்.

நேற்று அடுத்த தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். செல்வி செவலையின் மகளை, அன்று என் கூடத்தில் மடியை முட்டிய அந்தக் கன்றை, ஓட்டிக்கொண்டு போனாள். அது பந்தலைப் பார்த்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பி நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. செல்வி பதறினாள். உள்ளிருந்து என் மனைவி, "வரட்டும் விடும்மா, அது வூடுதானே" என்று சொல்லிக்கொண்டே வந்து கதவை அகலத் திறந்துவிட்டாள்.